சீன ஜாடியின் எட்டாவது குறை

காலை ஏழு மணி பத்து நிமிடம். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில், ஒரு பழைய சாமான் கடை வாசலில் நான் முதலில் பார்த்தது, ஏழு குடைகள் செருகி வைத்த ஒரு வெண்கல ஜாடி. முழங்காலுக்குச் சற்று மேல் வரும் உயரம். கழுத்தின் இரு பக்கமும் கைப்பிடியாக இரண்டு டிராகன் தலைகள். ஒன்று கடைக்கு வருகிறவரைப் பார்த்தது. மற்றது சுவரைப் பார்த்தது. ஜாடியின் ஒரு பாதியில் பச்சை பூத்திருந்தது. மறுபாதி, பொங்கலுக்குத் தேய்த்த குடம் மாதிரிப் பளபளத்தது.

ஜாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"குடையா? நீலக் குடை மட்டுந்தான் விரியும். விரிஞ்சா மடங்காது."

மேசை விசிறி ஒன்று வேண்டும் என்றேன். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விசிறியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடியே பேசினார்.

"கராப் முதல்ல கேட்டுக்கங்க தம்பி. மூணுல வச்சா லாரி மாதிரி சத்தம் போடும். ரெண்டுல சுத்தவே சுத்தாது. ஒண்ணுல சத்தமில்லாம ஓடும், காத்து வராது."

"அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

"நீங்க கேட்டீங்க. வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?"

வாங்கினேன். மூன்றில் லாரி. இரண்டில் அசைவில்லை. ஒன்றில் காற்று வரவில்லை. தீவில் செய்தியாளனாக இருந்த ஒன்பது வருடத்தில் நான் கேட்ட அறிக்கைகளில் ஒரு சொல்கூடப் பிசகாதது அது ஒன்றுதான்.

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள். கட்டிலையும் பீரோவையும் கப்பலில் ஏற்றுகிற செலவுக்கு மெயின்லாண்டில் புதிதாகவே வாங்கிவிடலாம். ஆகவே போகிறவர்கள் விற்பார்கள், வருகிறவர்கள் வாங்குவார்கள். நடுவில் அந்த அம்மாள் இருந்தார். பூர்வீகம் ராமநாதபுரத்துக் கடற்கரை. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். தெருவில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். வங்காளிகள் மரியாதைக்கு ஒரு 'ஜி' சேர்த்து ராத்தாஜி என்பார்கள். நான் அவர் பெயரைக் கேட்டதில்லை. செய்தியில் போடவேண்டிய தேவை வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கெட்டது, பழுதானது எல்லாவற்றுக்கும் தீவு இந்தியில் ஒரே சொல், கராப். ராத்தாவின் வியாபாரம் அந்தச் சொல்லில் தொடங்கியது. பொருளின் குறையை முதலில் சொல்வார். நல்லதைச் சொல்லமாட்டார், அதை வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. "கராப மறைச்சு வித்த காசுல பரக்கத் இருக்காது, தங்காது" என்பார். வாங்கிய பொருள் பிடிக்காவிட்டால் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதுவரை அந்தப் பணத்தைத் தொடமாட்டார். ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டு வைப்பார்.

கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் 'பழைய சாமான் கடை' என்று எழுதிவிட்டு, கீழே இடம் இருக்கிறதே, ஏதாவது நல்ல வாசகம் போடலாமா என்று கேட்டிருக்கிறார். ராத்தா யோசித்துச் சொன்னதை அவர் அப்படியே எழுதினார். பச்சை மையில், பெரிய எழுத்தில்: 'மழையில் கடை ஒழுகும்.'

கடைக்கு வெளியிலும் இதே வழக்கம்தான். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த கையோடு, "பிள்ளைக்கு இடது காது கொஞ்சம் மந்தம். காலைல எட்டு மணி வரைக்கும் பேசமாட்டா. பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா" என்றாராம். மாப்பிள்ளையின் தாயார் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, தன் மகனுக்கு ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்தது. அதன்பின் மூன்று வருடம் யாரும் ராத்தாவைத் தங்கள் வீட்டுச் சம்பந்தம் பேசக் கூப்பிடவில்லை. நான்காம் வருடத்திலிருந்து அவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் எந்தச் சம்பந்தமும் முடிவாகவில்லை.

அவர் கணவர் இறந்தபோது நானும் போயிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் முறைப்படி பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கமான மனிதர், கோபம் என்றால் என்னவென்று தெரியாதவர், அதிர்ந்து பேசமாட்டார். உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"கோவம் வந்தா சோத்துத் தட்டத் தள்ளி விடுவாரு. குறட்டை விடுவாரு. வாங்கின கடன மறந்துருவாரு. அதயும் சேத்துச் சொல்லுங்க. இல்லன்னா நீங்க யாரப் பத்திப் பேசுறீங்கன்னு எனக்கே வெளங்கல."

பிறகு ஒருவர், அவர் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வார் என்றார். இன்னொருவர் அதற்கு ஒரு சம்பவம் சொன்னார். ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே இருந்தவர்களில் அப்போதுதான் அழ ஆரம்பித்தவர்கள் உண்டு.

இந்தப் பழக்கத்தால் நேரடியாக அடிபட்டவர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். தீவில் டுங்கி என்று சொல்லும் சின்னப் படகு ஒன்று வைத்திருந்தார். காலையில் ஜங்கிலிகாட் மீன்துறையில் கரையேறி, மிச்ச மீனைச் சாயங்காலம் ராத்தா கடை வாசலில் அலுமினியச் சட்டியில் வைத்து விற்பார். யாராவது குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும்.

"அது நேத்து மீனு."

"ராத்தா! ஐஸ்ல வச்ச மீனு ராத்தா!"

"ஐஸ்ல வச்ச நேத்து மீனு."

"நான் ஒங்க வாசல்ல விக்கதே தப்பு. நாளைலருந்து லம்பா லைனுக்குப் போயிருதேன்."

போகவில்லை. ஏனென்றால் ஒரு மாதத்தில் தெரு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ராத்தா வாய் திறக்காத நாளில் அந்தோணியின் மீன் அன்றைக்குப் பிடித்தது. அந்த நாட்களில் சட்டி கால் மணி நேரத்தில் காலியானது. வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சட்டி முன்னால் நின்று கடைக்குள் காது கொடுத்தார்கள். சத்தம் வராவிட்டால் பையை நீட்டினார்கள். அவருடைய மௌனத்துக்கு டாலிகஞ்சில் முத்திரை போட்ட சான்றிதழின் மதிப்பு வந்துவிட்டது.

இப்போது ஜாடி.

லம்பா லைனிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டிலிருந்து அது வந்தது. அவர் கல்கத்தாவில் வாங்கியதாம். முன்னூறு வருடத்துச் சீன ஜாடி என்று சொன்னாராம். ராத்தா அதை மூன்று தடவை விற்றார். மூன்று தடவையும் குறைகளைச் சொல்லித்தான் விற்றார். மூன்று தடவையும் வாங்கியவர்கள் சிரித்தார்கள். குட்வில் எஸ்டேட்டில் ஒரு ஆசிரியை பூ வைத்தார். அடியில் ஒழுகி டிவி போயிற்று. ஒரு விடுதிக்காரர் வரவேற்பறையில் வைத்தார். ஒரு டிராகன் சுவரைப் பார்ப்பது அபசகுனம் என்று அவருடைய மனைவி சொன்னார். மூன்றாவது ஆள் ஸ்கூட்டரின் பின்னால் கட்டி எடுத்துப்போய் ஏற்றத்தில் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் அப்படியே திரும்பி வந்தார். மூன்று பேருக்கும் பிஸ்கட் டின்னிலிருந்து பணம் திரும்பப் போயிற்று. அதன்பின் அது குடை ஜாடியானது.

ஆறு வருடம் கழித்து ஒரு புயலில் அந்தோணியின் டுங்கி ஜங்கிலிகாட்டிலேயே மூழ்கியது. படகை மேலே எடுத்துவிட்டார்கள். எஞ்சின் உப்புத் தண்ணீரில் மூன்று நாள் கிடந்து துருப்பிடித்து இறுகிவிட்டது. புது எஞ்சின் வாங்க வழியில்லை. பழைய எஞ்சின் ஒன்று ஜங்கிலிகாட்டிலேயே விலைக்கு இருந்தது, அதற்கும் வழியில்லை. அந்தோணி படகை விற்றுவிட்டு அடுத்த கப்பலில் குடும்பத்தோடு ஊருக்குப் போவது என்று முடிவு செய்தார். அவர் மனைவி வீட்டுச் சாமான்களை விலை வைக்க ராத்தாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

ராத்தா பீரோவைத் திறந்து மூடினார். கட்டிலைச் சுற்றி வந்தார். அந்தோணியின் மனைவி முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"கட்டில்ல கராப் ஒண்ணுமில்ல. பீரோவுலயும் இல்ல. கராப் இல்லாத சாமான் நான் எடுக்கறதில்லம்மா. வச்சுக்கங்க."

கட்டிலின் ஒரு கால் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பீரோக் கதவுக்குக் கீல் ஒன்றுதான் இருந்தது.

அந்தோணி போகும் தேவாலயத்தில் பங்குத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். காணிக்கையாக வந்த தேங்காய், சேவல், பூசணி, குத்துவிளக்கு எல்லாம் ஏலத்துக்கு வரும். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது அபூர்வம். பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்பார். ஒரே தேங்காய் நான்கு பேருக்கு விற்கப்படும். நான்காம் ஆளும் அதைக் கோயிலிலேயே விட்டுவிட்டுப் போவார். அந்த வருட ஏலப் பணம் அந்தோணியின் எஞ்சினுக்கு என்று பங்குக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை ராத்தா குடைகளை வெளியே எடுத்துவிட்டு ஜாடியை ஆட்டோவில் ஏற்றிக் கோயிலில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே நின்ற அந்தோணி, அழுதுவிட்டு முகத்தைக் கழுவி வந்தவர் போல இருந்தார்.

"ராத்தா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். நாளைக்கு மட்டும் வாயத் தொறக்காதீய."

"தொறக்காம இருந்தா கராப் இல்லன்னு ஆயிரும் அந்தோணி. ஊருக்கே தெரியும்."

"அப்ப வராதீய."

"வராம இருந்தா?"

"வராம இருந்தா ஒண்ணும் ஆவாது. நீங்க இல்ல, அவ்ளோதான்."

ராத்தா இதை அரை நிமிடம் யோசித்தார். இல்லாத ஆளின் மௌனம் கணக்கில் வராது என்பதை ஒப்புக்கொண்டார். ஏலம் நடக்கும்போது கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்கு, அதாவது திருவிழா விருந்துக்கு, சமையல் நடக்கிற கொட்டகையில் வெங்காயம் வெட்டுவது என்று ஒப்பந்தமாயிற்று. குறைகளை முன்கூட்டியே உபதேசியாரிடம் சொல்லிவிட்டார். கோயிலில் உபதேசம் சொல்வதோடு வருடத்துக்கு ஒரு நாள் ஏலம் கூறுவதும் அவர் வேலை. எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிடுவதாக உபதேசியார் வாக்குக் கொடுத்தார். அன்று அவர் தொண்டை கட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் பூதக்கண்ணாடி. காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவர். தம்பி மகன் லம்பா லைனில் குடியிருக்கிறான், பார்க்க வந்தேன், சத்தம் கேட்டு உள்ளே வந்தேன் என்றார். ஜாடியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பிறகு அதைப் பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது அவர் தொழில் பழக்கம்.

உபதேசியார் ஜாடியைத் தூக்கினார். "சீனத்து ஜாடி. வெண்கலம். கொஞ்சம் குறை இருக்கு." அவ்வளவுதான் தொண்டையில் வந்தது. "ஐநூறு ரூவா!"

டாக்சி ஓட்டுகிற ஒருவர் ஆயிரத்து ஐநூறுக்கு எடுத்தார். "திரும்ப விடுங்க" என்றார். மருந்துக் கடை அம்மாள் இரண்டாயிரத்துக்கு எடுத்தார். "திரும்ப விடுங்க."

காரைக்குடிக்காரர் என் காதருகில் வந்தார். "பாத்தீங்களா? கூட்டு."

"என்ன கூட்டு?"

"எல்லாரும் ஒரே ஆளுங்க. வெளி ஆள் வந்தா மாத்தி மாத்தித் தங்களுக்குள்ளயே எடுத்து வெலயக் கட்டி வப்பாங்க. பிறகு பின்னால போயி பிரிச்சுக்குவாங்க. முப்பது வருசமாப் பாக்கறேன்."

இது கோயில் வழக்கம் என்று விளக்கினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நானும் கூட்டில் ஒருவன் என்று முடிவு செய்துவிட்டார்.

"அஞ்சாயிரம்!" என்றார்.

முற்றத்தில் சலசலப்பு. படகு வைத்திருக்கிற தெலுங்குக்காரர் ஒருவர், திருப்பித் தருகிற உற்சாகத்தில், ஆறாயிரம் என்றார்.

"ஒம்பதாயிரம்!"

உபதேசியார் அதைத் திரும்பச் சொன்னபோது ஒலிபெருக்கி அதை மூன்று தெருவுக்குக் கொண்டுபோயிற்று. அசனக் கொட்டகை முதல் தெருவை விடவும் பக்கம். கோயில் பக்கவாட்டிலிருந்து ராத்தா வந்தார். கையில் வெங்காயம் வெட்டுகிற கத்தி. இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க உபதேசியாரே! ஒம்பதாயிரமா? கராப் சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன் ராத்தா" என்றார் உபதேசியார், கேட்காத குரலில்.

அந்தோணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "போச்சு" என்றார். "கப்பல்தான்."

ராத்தா ஜாடியைக் கவிழ்த்தார். "அடியில ஓட்ட. ஈயத்த வச்சு அடச்சிருக்கு, தண்ணி நிக்காது. இந்தத் தலை ஒடஞ்சு ஒட்டுனது, அதான் செவத்தப் பாக்குது. இந்தப் பச்சை பழசுனால வந்ததில்ல. கடக்காத்துல எங்க வீட்டுப் பூட்டுலகூட வந்திருக்கு. இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கே, அது நான் புளி போட்டுத் தேச்சது. கை வலிச்சுது, பாதியில விட்டுட்டேன். இங்க நசுக்கு, ஸ்கூட்டர்லருந்து விழுந்தது. அடியில என்னமோ எழுதிருக்கு, வாசிக்க ஆள் கெடைக்கல. ஆறு வருசம் ஈரக் குடை வச்சதுனால நாத்தம். மோந்து பாருங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயக் கையால் துடைத்ததில் இன்னும் கொட்டியது.

காரைக்குடிக்காரர் முகம் மலர்ந்திருந்தது. "இதான் தலைவி" என்றார் என்னிடம். "அழுகையப் பாருங்க. என்ன ஒரு கை! வாங்கப் போற பொருளத்தான் வியாபாரி இப்படித் திட்டுவான்." சத்தமாக: "பன்னெண்டாயிரம்!"

ராத்தா திகைத்து அவரைப் பார்த்தார். "ஒங்களுக்குக் காது கேக்குதுல்ல?"

"நல்லாக் கேக்குதும்மா."

"அப்ப வேணாம். நானே எடுத்துக்கறேன். பதிமூணு!"

"பாத்தீங்களா?" என்றார் அவர் என்னிடம். "பதினெட்டு!"

"யா அல்லா. பத்தொம்பது! விடுங்கப்பா, வீட்டுல பிள்ளைக இருக்கும்."

"இருபத்தஞ்சு!"

"இருபத்தாறு!" என்றார் ராத்தா. பிறகு கத்தியைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது. "இல்ல. என்கிட்ட அவ்வளவு கெடயாது. பத்தொம்பதும் கெடயாது. அதுவும் கராப்தான், சொல்லிப்புட்டேன்."

"இருபத்தேழு!" என்றார் காரைக்குடிக்காரர்.

உபதேசியார் மைக்கை இறக்கினார். "சார், அவங்க விலகிட்டாங்க. இப்ப ஒங்க மேலயே நீங்க கேக்குறீங்க."

"பரவால்ல. முடிங்க."

"இருபத்தஞ்சுதான்" என்றார் ராத்தா. "அவரு கடைசியாச் சரியாக் கேட்டது அதான். மேல ரெண்டாயிரம் அநியாயம்."

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முற்றம் கை தட்டியது. "திரும்ப விடுறீங்களா சார்?" என்று டாக்சிக்காரர் பணிவோடு கேட்டார். காரைக்குடிக்காரர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மற்ற பொருள்களின் பணத்தோடு சேர்த்தால் எஞ்சினுக்குச் சரியாக இருந்தது. அந்தோணி எழுந்து வேட்டியைத் தட்டினார். ஆனால் ராத்தா வழியை மறித்துக்கொண்டு நின்றார். என்னிடம் நோட்டுப்புத்தகம் இருப்பது அவருக்குத் தெரியும். குறைகளை வரிசையாக எழுதச் சொன்னார். ஏழு. இரண்டு பிரதி. காரைக்குடிக்காரர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். சிரிப்பில் பேனா ஆடியது.

"அம்மா, நீங்க காரைக்குடிக்கு வந்துருங்க. ஒங்களுக்கு ஒரு கடையே வச்சுத் தர்றேன். இப்படி ஒரு நடிப்ப நான் பாத்ததில்ல."

"கடை ஒழுகாம இருக்குமா?" என்று கேட்டார் ராத்தா.

பணத்தை அவர் அந்தோணியிடம் கொடுக்க விடவில்லை. "மூணு நாள். அந்த ஆளு திருப்பிக் கொண்டாந்தா?"

"ராத்தா, அது கோயில் ஏலம்! கோயில் ஏலத்துல திருப்பல் கெடயாது!"

"சாமான் என்னுது. மூணு நாள்."

உபதேசியார் பணத்தைக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கப்பல் டிக்கெட் இன்னும் அந்தோணியின் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராத்தா என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு லம்பா லைனுக்குப் போனார். காரைக்குடிக்காரர் ஜாடியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எட்டாவது ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் ராத்தா. "ராத்திரி பூராத் தூக்கமில்ல. உள்ள பல்லி முட்ட வச்சிருக்கு. ரெண்டு வருசமா வைக்குது. எழுதிக்கங்க தம்பி."

காரைக்குடிக்காரர் விரிப்பை விலக்கி, பூதக்கண்ணாடியும் கைபேசி வெளிச்சமுமாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"அம்மா. நேத்து சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"அப்புறம்?"

"அப்ப இது பழசில்லயா?"

"பழசா புதுசான்னு எனக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தெரிஞ்ச கராப் எட்டு. தெரியாதது எத்தனன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். வேணாம்னா புதன்கிழமைக்குள்ள கடைக்குக் கொண்டாந்துருங்க. பணம் அப்படியே இருக்கு."

"புதன்கிழமை மத்தியானம் எனக்கு ஃபிளைட்."

"அதுக்கு முன்னால கொண்டாங்க."

எட்டாவதை எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பேனா ஆடவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தார். எதிர்ப்பக்கம் அந்தோணி காலியான மீன் சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து அதே ஆட்டோக்களைப் பார்த்தார். புதன்கிழமையும் அப்படியே. அந்தோணியின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். அந்தோணி சட்டி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பதினொன்றரைக்கு ஒரு ஆட்டோ கடை முன்னால் வந்து நின்றது. அந்தோணி கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஒரு வங்காளிப் பெண் இறங்கி இட்லிப் பானை இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. மூடி வேற பானையோடது" என்றார் ராத்தா, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பன்னிரண்டு நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. டாலிகஞ்சுக்கு மேலே அது திரும்பும்போது ஜன்னல்கள்கூடத் தெரியும். ராத்தா எழுந்து தெருவுக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து, அது கடல் பக்கம் போய்ச் சின்னதாகும்வரை பார்த்தார்.

"போ" என்றார். "போயி எஞ்சின எடு. நான் ஜங்கிலிகாட்டுல போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன். கராப் கேட்டுக்க. காலைல மூணு தடவ ஹேண்டில் போட்டாத்தான் பிடிக்கும். ரெண்டுல பிடிக்காது."

அந்தோணி சட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். அன்று சாயங்காலம் வரை அது தெருவில் கவிழ்ந்து கிடந்தது.

சில வருடங்களுக்குப் பின் ராத்தாவுக்கு முழங்கால் போயிற்று. மகளோடு இருக்க மெயின்லாண்ட் போனார். கடையைக் கைபேசி விற்கிற ஒருவர் வாங்கினார். ராத்தா அவரிடம் இரண்டு மணி நேரம் பேசியதாகக் கேள்வி. அவர் கூரையை மாற்றிவிட்டார். பலகை அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஒரு காலை, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், ஜங்கிலிகாட்டில் அந்தோணி டுங்கியைக் கிளப்பக் காத்திருந்தபோது, நண்பர் ஒருவர் அனுப்பியிருந்த இணைய ஏலப் பட்டியலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுச் சொச்சம் பொருள்களுக்கு நடுவில் ஒரு வெண்கல ஜாடி. இரண்டு டிராகன் தலைகள், ஒன்று படம் எடுத்தவரைப் பார்க்கவில்லை. 'சீனம், காலம் உறுதியில்லை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பொருளின் நிலை என்ற தலைப்பின் கீழ் எட்டு வரிகள், என் நோட்டுப்புத்தகத்தில் இருந்த அதே வரிசையில்.

ராத்தாவைக் கூப்பிட்டேன். விடியல் தொழுகையான சுபுஹுவை முடித்துவிட்டு விழித்தேதான் இருந்தார். எட்டையும் தமிழில் வாசித்தேன்.

"ஒழுகும்னு போட்டிருக்கானா?"

"முதல் வரியே அதுதான்."

"பல்லி?"

"கடைசி வரி. முட்டை ஓடு உள்ளே இருக்குன்னு."

"இன்னுமா தொடைக்கல?" என்றார். பிறகு, "அது என்ன சத்தம் தம்பி?"

எனக்குப் பின்னால் அந்தோணி ஹேண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது.